இருநூற்று எழுபது குப்பிகள் பற்றிய விளக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், குளிரறை மூவரும் நலம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், பிறகு உன்னுடைய தடுப்பூசிக் கொள்முதல் குழு எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். குழுவைக் கடைசியில் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. போகப் போகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தபோது, தலைநகரத்தில் அத்தனை வேலைக்கு நடுவிலும் தம்பி பதிவுத் தபாலில் நலம் விசாரிக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரித்தால் 'அம்மையீர்' என்று ஆரம்பிக்கிறது. உனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அன்றிலிருந்து இன்றுவரை நீ என்னை அம்மையீர் என்று கூப்பிட்டதில்லை. எல்லைக் கிடங்கின் பொறுப்பாளராகிய தாங்கள், ஊசி போட வேண்டியவர்கள் நானூறு பேர்கூட மீதமில்லாத ஊரில், ஆறே நாளில் இரண்டாயிரத்து எழுநூறு பேருக்கான மருந்தைச் செலவழித்தது எங்ஙனம் என்றும், ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவை மீறி மருந்து நாட்டின் எல்லையைத் தாண்டியதா என்றும், ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். எங்ஙனம் என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கீழே உன் கையெழுத்து, அதே நீண்ட வாலோடு. ஆறாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனபோதும் அந்த வால்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது.

அதிகாரப்பூர்வமான பதில் தனி உறையில் நாளைக்குப் புறப்படும். அதில் நானும் உன்னை 'ஐயா' என்றுதான் எழுதியிருக்கிறேன், பயப்படாதே. இது வீட்டுப் பதில். மீறியது நிரூபணமானால் மருந்துக் கம்பெனி அடுத்த சரக்கை நிறுத்திவைக்கும், எனக்கு ஓய்வுபெற இரண்டே வருஷம் இருக்கும்போது வேலை போகும் என்றெல்லாம் உன் கடிதத்தில் இருக்கிறது. அதையெல்லாம் பொறுமையாகப் படித்தேன். ஆனால் மூன்று பக்கக் கடிதத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் நமக்கு ஒருத்தி இருக்கிறாளே, அவள் எப்படியிருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. என்னைப் பொறுத்தவரை நடந்ததெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

மருந்து எங்கள் கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது அதன் ஆயுள் பத்தொன்பது நாள். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது ஆறு மாதம் இருந்ததாம். மீதி காலம் எங்கே போனது என்று கேட்டேன், விமான நிலையக் கிடங்கில் போனது என்றார்கள். ஏன் என்று கேட்டேன், பெட்டியின்மேல் எந்தக் கொடியை ஒட்டுவது என்று உன் குழு பேசிக்கொண்டிருந்தது என்றார்கள். மருந்தைச் செய்தது ஒரு நாடு, நமக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது இன்னொரு நாடு, விமானம் தந்தது மூன்றாவது நாடு. மூவருக்கும் கொடி உண்டு, பெட்டிக்கு ஆறு பக்கந்தான் உண்டு, அதிலும் அடிப்பக்கம் யாருக்கும் வேண்டாம். எனக்குக் கொடியைப் பற்றிக் கவலை இல்லை தம்பி. ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒரு சின்னச் சதுரம் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். சுற்றியிருக்கும் வட்டத்தின் நிறத்துக்கு அது வந்துவிட்டால் மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இருபத்தொன்பது வருஷமாகக் காலையில் வந்ததும் நான் பார்க்கிற முதல் முகம் அந்தச் சதுரந்தான். உன் அத்தானுக்குக்கூட இதில் வருத்தம் உண்டு.

சரக்கு வந்த மறுநாளே கொடுத்த நாட்டிலிருந்து ஒரு பிரதிநிதியும், செய்த நாட்டிலிருந்து ஒரு பிரதிநிதியும் பார்வையிட வந்தார்கள். தனித்தனி நாளில் வரவேண்டியவர்கள். உன் அலுவலகத்தில் யாரோ தேதியைக் குழப்பி இருவரையும் ஒரே காரில் அனுப்பிவிட்டார்கள். காரிலேயே பேச்சுவார்த்தை முறிந்திருந்தது, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்து இறங்கினார்கள். குளிரறைக்குள் அழைத்துப் போனேன். எங்கள் பெட்டி ஏன் கீழ்த்தட்டில் இருக்கிறது என்று ஒருவர், எங்கள் கொடி ஏன் சுவரைப் பார்க்கிறது என்று மற்றவர். காலாவதி ஆகப்போவது முன்னால், மற்றது பின்னால், அலமாரியில் அதுதான் முறை என்று சொன்னேன். இருவருமே அதை ஏற்கவில்லை. 'நீங்களே பேசி முடிவெடுங்க, நான் இந்தக் கையெழுத்தை வாங்கிட்டு வந்துடறேன்' என்று சொல்லி வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தாமல் இருக்க முடியாது, குளிர் போய்விடும். உள்ளே ஐந்து டிகிரி. இருவரும் கோட் போட்டிருந்தார்கள், ஆனால் படத்துக்கு நிற்கிற மெல்லிசுக் கோட். கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது எல்லா விஷயத்திலும் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. ஒருவர் கழுத்துத் துண்டை மற்றவர் பாதி சுற்றியிருந்தார். இனிமேல் உன் குழுவின் கூட்டத்தைக் குளிரறையில் வைத்துக்கொள் என்று நான் அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ சிரிக்கவில்லை, 'அக்கா, அவங்க புகார் கொடுத்திருக்காங்க' என்றாய்.

வந்தது முந்நூற்று இருபது குப்பி. ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் பத்துக் கையிலும் ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் வீண். அதனால் பத்துப் பேர் உட்காராமல் நான் குப்பியைத் திறக்க விடமாட்டேன், ஊருக்கே தெரியும். எங்கள் ஊரில் பெரும்பாலோருக்குப் போன சரக்கிலேயே போட்டாகிவிட்டது. எட்டு நாளில் ஒலிபெருக்கி கட்டி, வீடு வீடாகப் போய், சலூனில் பாதி சவரத்தில் இருந்தவரைக்கூட விடாமல் இழுத்து வந்து, ஐம்பது குப்பிதான் தீர்ந்தது. மீதி இருநூற்று எழுபது. ஆயுள் பதினோரு நாள். மீந்திருப்பவர்கள் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, வீட்டில் ஆளில்லை என்று அவர்களே குரல் கொடுக்கிறவர்கள்.

அக்கரையில் கதையே வேறு. பாலத்தில் நடந்தால் பத்து நிமிஷத் தூரம், அங்கே ஒரு குப்பிகூட இல்லை. ஏன் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாட்டில் இந்த மருந்தை விநியோகிக்கும் உரிமையைக் கம்பெனி ஒரே ஓர் ஆளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. ஏக விநியோகஸ்தர். அவரிடம் உரிமை இருக்கிறது, மருந்து இல்லை. எங்களிடம் மருந்து இருக்கிறது, உரிமை இல்லை. அவருக்கு அனுப்ப வேண்டியதை வேறு ஒரு பெரிய நாடு முன்கூட்டியே மொத்தமாகப் பேசி வாங்கிக்கொண்டதாம். அந்த நாட்டில் ஆளுக்கு நான்கு ஊசி வருகிறதாம், கை இரண்டுதானே இருக்கிறது, மற்ற இரண்டை என்ன செய்வார்களோ.

அந்தக் கரையில்தான் உன் சின்னக்கா இருக்கிறாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு மூச்சிழுப்பு, உனக்குத் தெரியும். நாம் ஊசி போடுகிற இந்தக் காய்ச்சல் நேராக நெஞ்சுக்குத்தான் போகிறது. அவள் தெருவில் போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பவில்லை. இந்த லட்சணத்தில் திரைச்சீலை மாட்டுகிறேன் என்று முக்காலிமேல் ஏறி விழுந்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. போன் செய்தேன்.

'உன் தம்பிகிட்ட சொல்லி ஒரே ஒரு ஊசி அனுப்பச் சொல்லேன்' என்றாள்.

'உன் தம்பியும்தானே' என்றேன்.

'நல்லது செஞ்சா என் தம்பி. இப்போதைக்கு உன் தம்பி' என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, அரை நிமிஷம் அந்த இருமலை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? 'அக்கா, இது மருந்து சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, உரிமை சம்பந்தப்பட்ட விஷயம். அந்தப் பதினாலாம் பிரிவை நான்தான் எழுதினேன். நானே அதை மீறினா எப்படி?' நீ சொன்னது நியாயம்தான். அடுத்த சரக்கு இருபது லட்சம் பேருக்கு வரவேண்டியது, அதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி உன்னை மிரட்டுகிறது, அதுவும் புரிகிறது. ஆனால் போனை வைத்த பிறகு நியாயம் இருந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் இருந்தது.

சட்டப்படியே போவோம் என்று கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். மீந்த மருந்தைப் பக்கத்து நாட்டுக்குக் கொடுக்க அனுமதி கோரும் படிவம், பதினோரு பக்கம். அதில் 'மருந்தைப் பெறப்போகும் நாட்டின் தலைமை வழக்கறிஞர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். நம் தெருமுனையில் இருக்கும் நோட்டரியே சனிக்கிழமை வரமாட்டார். கெஞ்சி ஒரு கடிதமும் வைத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்தது. எவ்வளவு சுறுசுறுப்பு என்று ஆச்சரியப்பட்டுத் திறந்தால், 'தங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியமானது, நாற்பத்தைந்து வேலைநாட்களில் பரிசீலிக்கப்படும்' என்று இருந்தது. மருந்துக்கு அப்போது ஏழு நாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு குளிரறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது வழி சொன்னது யார் தெரியுமா? எங்கள் ஜெனரேட்டர் மெக்கானிக். ஊரில் அவரை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். உன் ஒப்பந்தத்தின் நகலை நான் மடியில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் பிரிவு ஒரே வாக்கியம், ஒன்றேகால் பக்கம். எழுத ஆரம்பித்தவனுக்கு முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பது கடைசியில்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. ஃபியூஸ் ஸ்பானரைத் துடைத்தபடியே 'என்னக்கா அது, சத்தமா படிங்க' என்றார். படித்தேன். 'குப்பிகளையோ, பெட்டிகளையோ, அவற்றின் பகுதியையோ, விற்பதோ, கொடுப்பதோ, கடனளிப்பதோ, எவ்வகையிலும் எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்வதோ கூடாது' என்று போகிறது.

'குப்பி தாண்டக் கூடாது, சரி. ஆளு தாண்டக் கூடாதுன்னு எங்கேயாவது இருக்கா?' என்றார் ஃபியூஸ்.

நான் மறுபடி படித்தேன். பதினோரு தடவை படித்தேன். இல்லை. தம்பி, நீ எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறாய், மூடியைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறாய், கையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நாட்டின் எல்லைக்குள் வைத்து யாருக்குப் போட்டாலும் அது உள்நாட்டு விநியோகம். பாலம் வண்டிகளுக்குத்தான் மூடியிருக்கிறது. ஒருநாள் அனுமதிச் சீட்டோடு நடந்து வருகிறவர்களை இன்றும் விடுகிறார்கள், சந்தைக்கு அப்படித்தான் வந்து போகிறார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு, பாலத்தின் நம் பக்க முனையில் இருக்கும் பழைய சுங்கக் கொட்டகையைக் கூட்டி, மூன்று மேஜை போட்டு, மூன்று செவிலியரை உட்கார வைத்துவிட்டேன். பாலத்தின் நடுவே எல்லைக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அதிலிருந்து நாற்காலிவரை நில அளவையாளரை விட்டு அளக்கச் சொன்னேன். நூற்றுப் பதினான்கு மீட்டர், நம் மண்ணில். எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.

பிறகு அக்கரை நடந்து வந்தது. முதல் நாள் அறுபது பேர் வருவார்கள் என்று நினைத்தேன், பதினோரு மணிக்கு வரிசை வெள்ளைக் கோட்டைத் தாண்டி அவர்கள் நாட்டுக்குள் நீண்டுவிட்டது. பஸ் ஓட்டுநர்கள், தையல்காரர்கள், ஒரு முழுப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்கள், ஆளுக்கொரு நாற்காலியைத் தாங்களே தூக்கி வந்த முதியோர் இல்லத்துக்காரர்கள். பத்துப் பேர் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு குப்பி. ஒன்பது பேர் இருந்தால் பத்தாவது ஆளை வரிசையே தேடிப் பிடித்து உட்கார வைத்தது. ஊசி வேண்டாம் என்று அடம்பிடித்த நம்மூர்க்காரர்கள்கூட, வெளிநாட்டுக்காரன் வரிசையில் நின்று வாங்கிப் போகிறானே என்ற வயிற்றெரிச்சலில் வந்து நின்றார்கள். அவர்கள் மட்டும் முந்நூறு பேர் தேறினார்கள். எட்டு நாள் ஒலிபெருக்கி கட்டி நடக்காதது இது.

மூன்றாம் நாள் உன் ஆய்வாளர் வந்தார். எதைச் சொன்னாலும் 'ஆனால் இதில் ஒரு சிறு விஷயம்' என்று சேர்ப்பதால் கொட்டகையில் அவருக்கு அடிக்குறிப்பு என்று பெயர் விழுந்துவிட்டது. குப்பிகளை எண்ணினார், சரியாக இருந்தது. பதிவேட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. காலிக் குப்பிகளை எண்ணினார், அதுவும் சரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'ஆனால் இதில் ஒரு சிறு விஷயம். ஊசி போட்டுக்கிட்டு அவர் திரும்பி நடந்து போறாரே, அப்போ மருந்து அவர் கைக்குள்ள இருந்துகிட்டு எல்லையைத் தாண்டுதே. அது ஏற்றுமதி ஆகாதா?' என்றார்.

செவிலியரில் மூத்தவர் பஞ்சைக் கீழே வைக்காமலே, 'ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம் சார். அதுக்கப்புறம் அது மருந்து இல்ல, அந்த ஆளோட உடம்பு' என்றார். அடிக்குறிப்பு அதையும் எழுதிக்கொண்டார். இருந்தாலும் மனம் ஆறாமல், திரும்பிப் போகிற ஒருவரை நிறுத்தி, சட்டையை மடக்கச் சொல்லி, ஊசி குத்திய இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அந்த ஆள் இதையும் சிகிச்சை என்று நினைத்து அடுத்த கையையும் காட்டினார். இந்த விஷயத்தில் உன் சட்ட அபிப்பிராயம் என்ன என்று எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

ஆறாம் நாள் மத்தியானம் எல்லாம் தீர்ந்தது. காலாவதிக்கு ஒரு நாள் முன்னால். இரண்டாயிரத்து எழுநூறு கை, இருநூற்று எழுபது காலிக் குப்பி, ஒரு சொட்டு வீணில்லை. எல்லாம் இந்த மேஜையில் வரிசையாக இருக்கிறது. ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: ஒரு குப்பிகூடப் பாலத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டவில்லை. நீ எழுதிய பிரிவை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறேன். நீயே வந்து நின்றிருந்தாலும் இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாய்.

இதற்கு விலை கொடுத்தது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவே வந்து போட்டுக்கொண்டு போனது, உன் சின்னக்கா மட்டும் வரவில்லை. பாலத்தில் வண்டி கிடையாது, சக்கர நாற்காலியும் வண்டிதான் என்று அந்தப் பக்கத்துச் சோதனைச்சாவடி அதிகாரி சொல்லிவிட்டார். பெரிய மீசை, ஆனால் பேச்சு மரியாதையானது. 'மன்னிக்கணும்மா, சக்கரம் இருந்தா வண்டின்னுதான் எனக்கு வந்த உத்தரவு' என்றார். அவள் ஜன்னலருகே கட்டிலைப் போட்டுக்கொண்டு, வரிசை நகர்வதை ஆறு நாளும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாளாம். நான் எழுநூறு பேரின் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன், கூடப் பிறந்தவளின் கையைப் பிடிக்க முடியவில்லை. அதற்காகக் கொட்டகையின் பின்னால் போய் ஒரு தடவை அழுதேன். சட்டம் என்றால் சட்டம்தான். இப்படியொரு அக்கா இருப்பதற்கு உன் குழு உனக்கு ஒரு சான்றிதழ் தரலாம்.

இன்னொன்று. போன வாரப் பத்திரிகையில் உன் பேட்டி பார்த்தேன். 'நாட்டின் கடைசிக் குடிமகனுக்கும் கிடைத்த பிறகே நான் போட்டுக்கொள்வேன்' என்று சொல்லியிருக்கிறாய். உன் அத்தான் படித்துவிட்டு, 'உன் தம்பி தியாகி ஆயிட்டான்' என்று நெகிழ்ந்துபோனார். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட ஆள் வந்த அன்றைக்கு நீ வீட்டுக்கு ஓடி வந்து துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டதும், பாச்சை உருண்டை வாசனைக்குத் தும்மி மாட்டிக்கொண்டதும், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போட்டுக்கொண்டதும் நம் மூவருக்கும் மட்டுமே தெரியும். அது இன்னும் அப்படியே இருக்கட்டும்.

பிள்ளைகளை வெயிலில் விடாதே. மனைவியிடம் என் அன்பைச் சொல், நான் கேட்ட பின்னல் ஊசி எண் நான்கு கிடைத்ததா என்றும் கேள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குறைவாகக் கையெழுத்துப் போட்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு வருகிற சரக்கெல்லாம் நீண்ட ஆயுளோடு வரட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
பெரியக்கா
(அலுவலக உறையில்: அம்மையீர்)

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் இருநூற்று அறுபத்தொன்பது குப்பிகளைப் பொறுத்தவரை முழு உண்மை.

கடைசிக் குப்பியை ஆறாம் நாள் மத்தியானம் என் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் பனிக்கட்டிப் பையோடு வைத்து, மேல்தட்டில் சோறு போட்டு, ஒருநாள் சீட்டு வாங்கிக்கொண்டு நடந்துபோனேன். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு மூடியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள். வெள்ளைக் கோட்டைத் தாண்டினேன். அந்தப் பக்கத்து மீசை அதிகாரி தூக்கை வாங்கித் தட்டு தட்டாகக் கழற்றினார். அடித்தட்டைத் திறந்து பார்த்தார். மூடினார். கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று, ஓய்வூதியமும் போயிற்று என்று நினைத்தேன்.

'எத்தனை பேருக்கு வரும்?' என்றார் மெல்ல.

'பத்து.'

'அங்கே எத்தனை பேர் இருக்காங்க?'

'தங்கச்சியோட சேர்த்து, வரிசைக்கு வர முடியாம போன அக்கம்பக்கத்துக்காரங்க ஒன்பது. பத்தாவது ஆளைத் தேடணும்.'

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். 'என் டியூட்டி மூணு மணிக்கு முடியுது. அதுக்கப்புறம் நானும் ஒரு ஆளுதானே. ஆறு நாளா இந்தப் பக்கம் நின்னு ஊரையே அனுப்பி வெச்சேன், என்னை அனுப்ப ஆளில்ல' என்றார்.

மூன்றேகாலுக்கு உன் சின்னக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பத்தாவது ஆளாக அவர்தான் சட்டையை மடக்கினார். சின்னவளின் கையைப் பிடித்து நானே போட்டேன். வலிக்கவே இல்லை என்றாள், பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். காலிக் குப்பியை அதே தூக்கில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன், கணக்கில் குறையாது.

சிக்கல் பதிவேட்டில்தான் வந்தது, அக்கரைக்காரர் பெயரை அதில் எழுத முத்திரை குத்திய சீட்டு வேண்டும். மற்ற எட்டுப் பேரின் ஒருநாள் சீட்டிலும் தன் சீட்டிலும், இக்கரைக்குப் போய் வந்ததாக மீசை அங்கேயே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். சின்னவளின் சீட்டை நீட்டினால் மட்டும் மறுத்துவிட்டார். 'இடுப்புவரைக்கும் கட்டுப் போட்ட கால் பாலத்துல நடந்து போச்சுன்னு நான் முத்திரை குத்த மாட்டேன்மா. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு' என்றார். ஒன்பது பெயர் ஆயிற்று, பத்தாவது வரி காலி. நம் நாட்டுக் குடிமகனாக, இதுவரை ஒரு ஊசியும் போட்டுக்கொள்ளாதவராக, பெயரும் பிறந்த தேதியும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தவராக ஒருவர் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

ஆகவே அலுவலக உறையில் வரப்போகும் பதிவேட்டு நகலை உன் குழுவுக்குக் காட்டுவதற்கு முன்னால் வரிசை எண் இரண்டாயிரத்து எழுநூற்றைப் பார்த்துக்கொள். ஆறாம் நாள் மத்தியானம் சுங்கக் கொட்டகையில் நீ ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாய், இடது கை, பக்கவிளைவு இல்லை. பக்கத்தில் உன் கையெழுத்தும் இருக்கிறது, வாலோடு. அடுத்தவர் கையெழுத்தை உனக்கு மட்டுந்தான் போடத் தெரியும் என்று நினைத்தாயா? விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியவரே சம்பவ இடத்தில் இருந்திருக்கிறார் என்று ஆகிவிட்டதால், நோட்டீஸை என்ன செய்வது என்று நீயே யோசித்துக்கொள்.

பதிவேட்டின்படி உனக்கு இரண்டாவது ஊசி வருகிற பதினேழாம் தேதி. அதற்குள் அடுத்த சரக்கு வந்துவிடும், உனக்கு வேண்டிய இரண்டையும் அதிலிருந்தே போட்டுவிடலாம். காலை வண்டியில் வந்துவிடு, அலமாரிக்குள் ஒளிய இங்கே இடமில்லை, எல்லாம் மருந்துப் பெட்டி. கண்ணை மூடிக்கொள், ஒரு கையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறு கையைப் பிடித்துக்கொள்ள அன்றைக்குள் கட்டுப் பிரித்துவிடுவார்கள், நடந்து வருவேன் என்று உன் சின்னக்கா சொல்லச் சொன்னாள். 'என் தம்பி' என்றுதான் சொன்னாள்.